சதையியிலிருந்து வருங் குருதி

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவருள் வைத்தியத் தொழிலை மேற்கொண்ட நாம் எதனைப் பற்றி எழுதுவதெனச் சிறிது ஆராய்ந்தோம். இளமை நினைவுகளையும் ஆசிரியர் பெருமைகளையும் எழுதுவார் பலர் உளர். நாம் அன்றாடங் கையாளுந் துறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தமிழிலே விளங்கவைத்தலே கல்லூரி அன்னைக்கு நாம் இறுக்கத்தக்க கடன் எனத் துணிந்தோம். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் எடுத்துரைத்தல் கூடுமோ என ஐயுறுவார்க்கு எமது நாடு முன்னரே விடை கூறியுள்ளது. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அத்துறை நூல்களையுந் தமிழில் வெளியிட்டார். அவ்வழியிற் செல்லும் சிறு முயற்சி இது.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அரிய நோய்நிலை. இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் சதையியின் கோளாற்றினால், இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் குருதி பெருகுதலே அது. அரிதாகிய ஒன்றைப் பொதுமக்கள் அறிதலால் ஆவது யாது என வினவலாம். அரிதென்பதனாலேயே அது நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வராமையாலேயே காணப்படாமற் போகிறது. காணப்படாது விடின் உயிரைக் கொள்கிறது. கண்டுகொண்டாலோ, பெரும்பாலும் நிறுத்தத்தக்கது. இடைப்பட்ட இந்த வேறுபாடு பல வேளைகளில் நோயாளி சொல்லும் இரண்டொரு சொற்களையும், அவற்றைக் கேட்பார் காட்டும் பொறுமையையும் பொறுத்துள்ளது. அதனை விளக்குவதே எமது நோக்கம்.

கற்பனையில் ஒரு நோயாளி

நாற்பத்தைந்து வயதினர் ஒருவரை மனத்திலே கற்பனை செய்துகொள்வோம். ஒருநாட் காலை அவர் தார்போலக் கறுத்து, பசைத்தன்மையும் துர்நாற்றமும் பொருந்திய மலங் கழிக்கிறார். எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழுகிறார். உறவினர் அவரை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல, அங்கே குருதி ஏற்றப்படுகிறது. மறுநாள் வாய் வழியாக உள்நோக்கியைச் செலுத்திப் பார்க்கின்றனர். உணவு இறங்குங் குழாயாகிய களத்திலும், இரைப்பையிலும், முன்சிறுகுடலின் தொடக்கத்திலும் புண்ணில்லை, குருதியுமில்லை. புண் ஆறியிருக்கலாம் எனக் கருதி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புகின்றனர். ஆறு வாரங் கழிந்தபின் அதுவே மீண்டும் நிகழ்கிறது. முடிவும் முன்போலவே. மூன்றாம் முறை வரும்போது அவர் உடல் வெளிறி, நாடித்துடிப்பு விரைந்து, உயிர் ஊசலாடும் நிலையில் இருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் கறுத்த மலங் கழிவதற்கு முன்னே அவருக்கு மேல்வயிற்றில் ஒரு நோவு எழும்; அது முதுகுவரை ஊடுருவும்; வரவர மிகும்; பின்னர் தானாகவே தணியும். நோவு தணிந்த பின்னரே மலங் கறுக்கும். இதனை அவர் மனைவி அறிவார். ஆயினும் வைத்தியர் கேட்டது குருதியைப் பற்றி. அவ்வம்மையார் சொன்னதும் குருதியைப் பற்றியே. நோவின் கதையை எவருங் கேட்கவில்லை, எவருஞ் சொல்லவுமில்லை. நோயை அறிதற்குரிய திறவுகோல் அக்கதையிலேதான் இருந்தது. அது எவ்வாறென அறிதற்குச் சதையியின் இருப்பிடத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

சதையியும் அதன் அயலும்

தமிழகத்தார் கணையம் என வழங்கும் உறுப்பையே நாம் சதையி என்கிறோம். ஏறத்தாழ 15 சதமமீற்றர் நீளமுடைய இச்சுரப்பி, இரைப்பைக்குப் பின்னே முள்ளந்தண்டின் குறுக்காகக் கிடக்கிறது. அதன் தலை, முன்சிறுகுடலின் வளைவினுள்ளே பொருந்தியிருக்கும். வால், இடப்புறத்தே மண்ணீரலைத் தொடும். இன்சுலினைக் குருதியிற் கலப்பது அதன் ஒரு தொழில். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் நிறைந்த சாற்றை நாடோறும் ஒரு லீற்றருக்கு மேலாகச் சுரப்பது மற்றைத் தொழில். இச்சாறு ஒரு கான் வழியாகச் சென்று முன்சிறுகுடலை அடைகிறது. அக்கானை 1642ஆம் ஆண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் யொகான் வீர்சுங் என்பார் கண்டறிந்தார். கான் குடலிலே திறக்குமிடத்தில் அரும்பு போன்ற ஒரு சிறு மேடு உண்டு. செருமானிய உடற்கூற்றறிஞர் ஆபிரகாம் வாற்றரின் பெயரால் அதனை வாற்றர் முகிழ் என்போம். பித்தக்கானுஞ் சேர்ந்து திறப்பது அவ்விடத்தேயாம்.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லுங் குழாயை நாடி என்றும், இருதயத்தை நோக்கி மீளக் கொணருங் குழாயை நாளம் என்றும் உடற்கூற்று நூல்கள் கூறும். சதையியின் அயலிலே பெரிய குழாய்கள் பல உள. மண்ணீரல் நாடி அதன் மேல் விளிம்பையொட்டிப் பாம்புபோல் நெளிந்து செல்லும். மண்ணீரல் நாளம் அதன் முதுகோடு ஒட்டிச் செல்லும். இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் குருதியூட்டும் நாடியொன்று அதன் தலையின் மேலாக இறங்கும். சதையி நலமாயிருக்குங்கால் இவ்வயலவரால் ஒருவர்க்கொருவர் தீங்கில்லை.

சதையியின் சாறு புரதத்தையே கரைக்க வல்லது. அச்சாறு தன்னைச் சுரந்த உறுப்பைக் கரையாதிருக்கும்பொருட்டு, அதிலுள்ள வலிய நொதியங்கள் உறக்க நிலையிலே சுரக்கப்பட்டு, குடலை அடைந்த பின்னரே விழிக்குமாறு இயற்கை வகுத்துள்ளது. சதையி அழற்சியுறும்போது இவ்வொழுங்கு குலைகிறது. நொதியங்கள் உரிய இடத்தை அடையுமுன்னரே விழித்து, சூழவுள்ள இழையங்களை அரிக்கத் தொடங்குகின்றன. நாடியின் சுவருக்கு உறுதி தரும் மீள்சக்தி நார்களை அரிக்கும் நொதியமும் அவற்றுள் ஒன்று.

குருதி பெருகும் நான்கு வழிகள்

முதலாவது வழி, சதையிக் கானினூடாகக் குருதி வருதல். அரிக்கப்பட்ட நாடிச் சுவர் மெலிந்து வீங்கி, ஒரு பைபோலப் புடைக்கிறது. நாடியின் முழுச் சுவராலும் ஆகாது, சூழ்ந்த இழையத்தால் மட்டும் தாங்கப்படுவதால் இதனைப் போலிப் புடைப்பு என்பர். அஃது உடைந்து கானுட் பாயுமாயின், குருதி வாற்றர் முகிழ் வழியாகக் குடலிற் கொட்டும். பாதிக்கப்படும் நாடிகளுள் முதலிடம் பெறுவது மண்ணீரல் நாடியே. நாட்பட்ட சதையி அழற்சியே இதற்குப் பெருங் காரணம். குடல்வழிக் குருதிப்பெருக்குகளில் ஏறத்தாழ 1,500இல் ஒன்றே இவ்வகையைச் சார்ந்தது என்னும் மதிப்பீடு மருத்துவ நூல்களிற் பெருவழக்காயுள்ளது.

கற்பனை நோயாளியின் நோவுக்குப் பொருள் இப்பொழுது புலனாகும். கானுட் புகுந்த குருதி உறைந்து வழியை அடைக்கிறது. பின்னாற் சாறும் குருதியுந் தேங்க, கானினுள்ளே அமுக்கம் ஏறுகிறது, நோவு மிகுகிறது. உறைந்த கட்டி நெகிழ்ந்து குடலில் விழுந்தவுடன் அமுக்கந் தணிகிறது, நோவும் நீங்குகிறது. விழுந்த குருதியே குடல் வழிச் சென்று கறுத்த மலமாக வெளிப்படுகிறது. மீண்டும் உறைவு; மீண்டும் நோவு. இவ்வாறு விட்டுவிட்டு வருவதனாலேதான், உள்நோக்கி இறங்கும் வேளையிற் குருதி காணப்படாது போகிறது.

இரண்டாவது வழி, போலிப்பை வழியாக வருதல். சதையி அழற்சியின் பின் சாறு கசிந்து தேங்கி, அதனைச் சுற்றித் தடித்த சுவர் அமைவதுண்டு. இதனைப் போலிப்பை என்பர். இப்பை அயலிலுள்ள நாடியை அரித்து, மறுபுறத்தே இரைப்பையையோ முன்சிறுகுடலையோ துளைக்குமாயின், நாடிக்கும் குடலுக்கும் நேர்வழி திறந்துவிடும். அப்பொழுது வருங் குருதி சொட்டுச் சொட்டாக வருவதன்று; வெள்ளமாக வருவது.

மூன்றாவது வழி நாளத்தைப் பற்றியது. அழற்சியாலோ கழலையாலோ மண்ணீரல் நாளத்திற் குருதி உறைந்து அது அடைபடின், மண்ணீரலிலிருந்து திரும்புங் குருதி வேறு வழி தேடும். இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள சிறு நாளங்களினூடாக அது செல்ல, அவை புடைத்து மெலிந்து ஒருநாள் உடையும். ஈரற் கரணை நோயிலும் நாளங்கள் இவ்வாறு புடைக்கும். ஆயின் இங்கே ஈரல் நலமாகவே இருக்கும். களத்தில் நாளப்புடைப்பு இன்றி இரைப்பையின் மேற்பகுதியில் மட்டும் அது காணப்பட்டு, மண்ணீரலும் வீங்கி, ஈரற் பரிசோதனைகள் செவ்வையாயிருப்பின், மண்ணீரல் நாளத்தை நோக்குக என்பது இளம் வைத்தியர் மனத்திற் பதிக்கவேண்டிய விதி.

நான்காவது வழி கழலை. சதையியின் தலையிலோ வாற்றர் முகிழிலோ எழும் புற்று, முன்சிறுகுடலின் சுவரைத் துளைத்துக் குருதி கசியச் செய்யும். உடல் மெலிவும் மஞ்சட் காமாலையும் உடனிருந்தால் இதனை ஐயுறல் வேண்டும். பித்தம் இறங்காமையால் வெளிறிய மலத்தோடு குருதி கலக்கும்போது, மலம் வெள்ளி நிறமாகத் தோன்றுதலும் எப்போதாவது காணப்படும்.

அறிவு வளர்ந்த வரலாறு

1931ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களாகிய லோவர், பரல் என்னும் இருவர், மண்ணீரல் நாடியின் புடைப்பு சதையிக் கானுள் உடைந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். இவ்வகைக் குருதிப்பெருக்குப் பற்றிய முதற் குறிப்பாக அதனையே கொள்வர். 1970ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் பிலிப் சான்ட்புளோம் இந்நிலைக்கு ஹீமோசக்கசு பங்கிரியாற்றிக்கசு எனப் பெயரிட்டார். சதையிச் சாற்றிற் கலந்த குருதி என்பது அதன் பொருள். பித்தக்கான் வழியாக வருங் குருதிக்கு 1948இல் ஹீமோபீலியா எனத் தனிப்பெயர் சூட்டியவரும் அவரே. பெயரில்லாத நோயை எவருந் தேடுவதில்லை. பெயர் பெற்ற பின்னரே வைத்தியர் அதனை நினைக்கவும், நினைத்தபின் காணவுந் தொடங்கினர்.

காணுங் கருவிகளும் அக்காலத்தை அடுத்தே வளர்ந்தன. 1953இல் சுவீடன் நாட்டவரான செல்டிங்கர், ஊசியும் மெல்லிய கம்பியுங் கொண்டு நாடியினுள்ளே குழாய் செலுத்தும் எளிய முறையை வெளியிட்டார். 1957இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிற்சு, ஒளியிழைகளாலான வளையும் உள்நோக்கியைப் பயன்படுத்திக் காட்டினார். 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் ஸ்கான் பொறி முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம்பிடித்தது. 1972இல் அமெரிக்காவில் ரோஷ் என்பாரும் அவர்தந் தோழரும், இரைப்பைக் குருதிப்பெருக்கொன்றைக் குழாய் வழியாக நாடியை அடைத்து நிறுத்திய செய்தியை வெளியிட்டனர். இந்நான்கும் இன்று ஒரு நோயாளிக்காக ஒருங்கே கூடி உதவுகின்றன.

நோயைக் கண்டறியும் முறை

குருதி பெருகி வருவார்க்கு முதலிற் செய்யவேண்டியது காரணம் ஆராய்தலன்று, உயிரைத் தாங்குதலே. மூச்சுவழியைக் காத்து, அகன்ற ஊசிகள் வழியாகத் திரவமும் குருதியும் ஏற்றி, குருதி உறையுந் தன்மையைச் சீர்செய்தல் வேண்டும். நிலைமை சற்றுத் தேறியதும் உள்நோக்கி செலுத்தப்படும். இரைப்பைப் புண்ணும் களத்து நாளப்புடைப்புமே மிகப் பொதுவான காரணங்களாதலால், அவற்றை முதலில் தேடுதல் முறையே.

அங்கே ஒன்றுங் காணப்படாதபோது என் செய்வது என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஒன்றுங் காணவில்லை என்பதும் ஒன்றுமில்லை என்பதும் ஒரு பொருளன அல்ல. வழக்கமான உள்நோக்கி முன்னோக்கிப் பார்ப்பது. வாற்றர் முகிழோ முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் ஒதுங்கியிருப்பது. ஆதலின் பக்கமாகப் பார்க்கும் உள்நோக்கியைக் கொண்டு அம்முகிழை நேரே காணல் வேண்டும். அதிலிருந்து குருதி கசிதலைக் கண்டால் ஐயம் பெரிதும் நீங்கும். எனினும் அக்காட்சி சிறுபான்மையினரிடத்தேயே கிட்டும். கிட்டாமையால் நோய் இல்லையெனல் தவறு.

அடுத்து வருவது நாடிகளைக் காட்டும் ஸீ.ரீ. ஸ்கான். அயடீன் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றி, அது நாடிகளை நிரப்புங் கணத்திலே படமெடுத்தால் புடைப்பு ஒளிர்ந்து தோன்றும். மருந்து ஏற்றுமுன் எடுத்த படத்திலே கானினுள் உறைந்த குருதி சில வேளை வெண்மையாகத் தெரிவதுண்டு. கல் படிந்த சதையி, போலிப்பை, அடைபட்ட நாளம், கழலை ஆகியனவும் அதே படத்தில் வெளிப்படும். உள்நோக்கி குருதி வருங் கணத்தை நாடி நிற்பது. ஸ்கானோ குருதி நின்றிருக்கும் வேளையிலும் அதன் ஊற்றைக் காட்ட வல்லது. இதுவே அதன் பெருஞ் சிறப்பு. ஐயம் எஞ்சின், இடுப்புக்கவட்டின் நாடி வழியாகக் குழாய் செலுத்தி நாடிப்படம் எடுப்பர். அது நோயைக் காட்டுவதோடு, அதே இருக்கையிற் சிகிச்சைக்கும் வழிதரும்.

எச்சரிக்கை ஒன்று. போலிப்பை எனக் கருதி அதனை வடிக்க முற்படுமுன், அதனுள்ளே நாடிப்புடைப்பு இல்லையென்பதைப் படத்தால் உறுதிசெய்தல் வேண்டும். அறியாது துளைத்தால் அடக்கவியலாத குருதிப்பெருக்கு நேரும்.

சிகிச்சை

குருதி நாடியிலிருந்து வருவதாயின், குழாய் வழியாக அந்நாடியை அடைத்தலே இன்று முதலிற் கைக்கொள்ளப்படும் முறை. மயிரினும் மெல்லிய உலோகச் சுருள்களையோ, உடன் இறுகும் பசையையோ அங்கு வைப்பர். சில இடங்களிற் புடைப்பின் வாயை மூடும் உறையிட்ட குழலைப் பொருத்துவர். இங்கே அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சதையியைச் சூழ்ந்த நாடிகள் இருபுறமும் இணைப்புடையன. இரு தலையிலும் நீர் பாயும் வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால், ஒரு மடையை மாத்திரம் அடைத்துப் பயனில்லை என்பதைத் தோட்டஞ் செய்வார் அறிவர். அவ்வாறே புடைப்பின் முன்னும் பின்னும் அடைத்தல் வேண்டும். அன்றேல் மறுபுறத்துக் குருதி திரும்பிவந்து அதனை நிரப்பும். இம்முறையாற் பெரும்பாலார்க்குக் குருதி நிற்கும். எனினும் சிலர்க்கு மீண்டும் வருமாதலால், தொடர்ந்து கண்காணித்தல் இன்றியமையாதது.

அடைத்தல் பயனளியாவிடினும், நோயாளியின் நிலை காத்திருக்க இடந்தராவிடினும் சத்திரசிகிச்சையே புகல். புடைப்பு வாற்புறத்தே இருப்பின் சதையியின் வாலையும் மண்ணீரலையும் நீக்குவர். தலைப்புறத்தே இருப்பின் நாடியைக் கட்டுதல் முதல், 1935இல் அலன் விப்பிள் விவரித்த பெருஞ் சத்திரசிகிச்சையின் வழிவந்த முறை வரை தேவைப்படலாம். ஒன்றுஞ் செய்யாது விடப்படின், கான்வழிக் குருதிப்பெருக்கில் இறப்போர் பத்தில் ஒன்பதின்மர் வரை ஆகலாமென நூல்கள் கூறும். எனவே பெருஞ் சத்திரசிகிச்சையின் இடரும் தாங்கத்தக்கதே.

மண்ணீரல் நாளம் அடைபட்டு இரைப்பை நாளங்கள் குருதி சொரியின், உள்நோக்கி வழியாகப் பசை ஏற்றித் தற்காலிகமாக நிறுத்தலாம். மண்ணீரலை நீக்கினால், அந்நாளங்களை நிரப்பும் வரத்து அற்றுப்போக, நோய் வேரோடு தீரும். மண்ணீரலை இழந்தார் சில கிருமிகளுக்கு எளிதில் இரையாவர். ஆதலின் உரிய தடுப்பூசிகள் போடப்படுதல் வேண்டும். கழலையாற் குருதி வருவார்க்கு, நீக்கக் கூடியதாயின் நீக்குதலும், இயலாதாயின் நாடியை அடைத்தல், கதிர்ச்சிகிச்சை முதலியவற்றாற் குருதியைக் குறைத்தலும் வழிகளாம்.

வாசகர்க்குச் சில சொற்கள்

கறுத்த மலம் யாவும் குருதியன்று. இரும்புச் சத்து மாத்திரை உண்பார்க்கும் மலங் கறுக்கும். ஆயினும் தார்போன்று பசையுடைய மலமும், தலைச்சுற்றும், குருதி வாந்தியும் கண்டால் ஒரு நாளேனுந் தாமதித்தலாகாது. நோவுக்கென உட்கொண்ட மாத்திரைகளை மறையாது சொல்லுதல் வேண்டும். அவற்றுட் பல இரைப்பையைப் புண்படுத்துவன.

மதுவைப் பற்றியும் ஒரு சொல். நாட்பட்ட சதையி அழற்சிக்கு மது ஒரு பெருங் காரணம். புகைத்தல் அதனை மேலும் வளர்க்கும். குடிப்பவர் அதனை வைத்தியரிடம் நாணத்தால் மறைத்தல், தம் நோயின் மூலத்தை மறைத்தலேயாம். ஆயின் சதையி நோயுற்றார் அனைவரையுங் குடிகாரர் என எண்ணுதல் பெரும் பிழை. பித்தக்கல்லாலும், பரம்பரையாலும், விபத்தில் வயிறு அடிபட்டமையாலும் அது வரும். மதுவைத் தொட்டறியாத இளையோரிடத்தே சதையியிற் கற்கள் படியும் ஒருவகை நோய் கேரளம் முதலிய தென்னிந்தியப் பகுதிகளில் நன்கறியப்பட்டதொன்று. வீண்பழி நோயாளியின் வாயை அடைக்கும்; வாயடைத்தவிடத்தே நோயின் கதை வெளிவராது.

முன்னர்க் கூறிய கற்பனை நோயாளியிடம் மூன்றாம் முறையேனும் ஒருவர் அமர்ந்து, குருதி வருமுன் உமக்கு யாது நேர்ந்தது என வினவினார் எனக் கொள்வோம். அம்மனைவி நோவின் கதையைச் சொல்லியிருப்பார். அன்றே நாடிகளைப் படம்பிடித்திருப்பர், புடைப்பு தெரிந்திருக்கும், அடைக்கும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு, உடல் தாங்குநிலையில் இருக்கும்போதே அவரை அனுப்பியிருப்பர்.

ஆகவே, காரணந் தெரியாக் குருதிப்பெருக்குடைய ஒருவர் உம் இல்லத்தில் இருப்பாராயின், ஒரு சிறு கொப்பியை எடுத்து, நோவு வந்த நாள், அது நீங்கிய வேளை, மலங் கறுத்த நாள் என்பவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லுங்கால் அக்கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியத் துறைக்குச் செல்லவிருக்கும் எம் இளைய மாணவர் அதனை விரித்துப் படிப்பாராக.